தீர்ப்பு எழுதிய கை தொழுதபோது...

நீதி வேண்டுமா, இரக்கம் வேண்டுமா? இப்படி ஒருவர் நம்மைக் கேட்டால் நம்மில் பலருடைய பதில் ஒன்றாகத்தான் இருக்கும். பிறர் நமக்குத் தீங்கு செய்தால் நமக்கு நீதி வேண்டும். நாம் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டால் நமக்கு இரக்கம் வேண்டும்! கடவுளிடம் போய் நிற்கும்போதும் இதே கணக்கோடுதான் நிற்கிறோம். பகைவனுக்குத் தண்டனை, நமக்கு மன்னிப்பு என்று மனுப் போடுகிறோம்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றச் சொல்வதுதான் கிறிஸ்தவ பக்தி நெறியின் சாரம். இறைவனின் நீதியை முதலில் என்மேல் செல்லும்படி ஏற்றுக்கொள். அவருடைய இரக்கம் பிறர்மேல் இறங்கும்போதும் அவரைப் புகழ் என்கிறது அது. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அதிலும் பிறர் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்படிப் பணிந்து நிற்பது எத்தனை அரிது! அப்படி நின்ற ஒரு தமிழரை முன்வைத்து இந்தப் பொருளைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

மாயூரம் முன்சீப்

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) எழுதியவர் என்ற அளவில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நம் சங்கத்து அன்பர்கள் எல்லோரும் அறிவார்கள். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பிறகு மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழியிலும், தொடர்ந்து 13 ஆண்டுகள் மாயூரத்திலும் அப்பதவியில் இருந்தார். ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாயூரம் இன்று மயிலாடுதுறை ஆகிவிட்டது. ஆனால் அவர் மட்டும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையாகவே இருக்கிறார்.

முன்சீப் என்பவர் கொலைக் குற்றங்களை விசாரிப்பவர் அல்லர். வயல் வரப்பு, வாங்கிய கடன், பாகப்பிரிவினை, வாய்க்கால் தண்ணீர் போன்ற சிவில் வழக்குகள்தாம் அவர் முன் வரும். சாதாரண மனிதன் நீதி என்ற ஒன்றை நேருக்கு நேர் காணும் முதல் வாசல் அந்த நீதிமன்றமே. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கும் இடம் அது. பொய்ச் சாட்சி மலிந்த இடம்; கைக்கூலிக்கு வழி திறந்து கிடக்கும் இடம். 1859-இல் வெளிவந்த அவருடைய 'நீதிநூல்' கைக்கூலிக்கு என்று ஓர் அதிகாரமே வைத்துக் கண்டித்தது. இருந்த இடத்தின் நோயை அறிந்து எழுதிய நூல் அது.

அவர் செய்த இன்னொரு காரியம் நம்மைப் போன்ற தமிழன்பர்கள் மறக்கக் கூடாதது. அன்றைய உயர் நீதிமன்றமாகிய சதர் அதாலத்தில் 1805 முதல் 1861 வரை வழங்கப்பட்ட தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார். நீதிமன்ற அலுவல் தமிழில் நடக்க வேண்டும் என்ற வாதத்தைத் தம் நாவலிலும் புகுத்தினார். இதற்குத் தமிழ்ப் பற்று மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டியதில்லை. தன் வழக்கு எப்படித் தீர்ந்தது என்பது ஒருவனுக்கு விளங்காவிட்டால் அந்தத் தீர்ப்பை அவன் ஏற்றுக்கொள்ள முடியாது. அஞ்சி அடங்கலாம், ஆனால் அடங்குவது வேறு, ஏற்பது வேறு. கடவுளின் நீதியைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணோடாமையும் கண்ணோட்டமும்

நீதிக்கும் இரக்கத்துக்கும் உள்ள சிக்கல் தமிழருக்குப் புதிதன்று. வள்ளுவர் 55-ஆம் அதிகாரமாகச் செங்கோன்மையை வைத்தார். யாரிடத்தும் கண்ணோடாமல் ஆராய்ந்து முறை செய்ய வேண்டும் என்பதே அந்த அதிகாரத்தின் தொடக்கக் கருத்து. மூன்றே அதிகாரங்கள் தள்ளி, 58-ஆவதாகக் கண்ணோட்டம் என்றே ஓர் அதிகாரத்தை வைத்து அதைப் போற்றினார். அங்கே விலக்கிய அதே சொல்லை இங்கே விளக்காக ஏற்றினார்! முரண்பாடா? இல்லை. கடமை சிதையாதபடி கண்ணோடத் தெரிய வேண்டும் என்று அந்த அதிகாரத்திலேயே முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். ஆனால் அது எப்படி முடியும் என்ற கேள்வி ஒவ்வொரு நீதிபதியின் மேசை மீதும் இன்றுவரை கிடக்கிறது.

மாயூரத்துக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையைக் கல்லிலேயே வடித்து வைத்திருக்கிறார்கள். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் ஒரே மைந்தன்மீது தேரைச் செலுத்தினான் அரசன். நீதி அங்கே முழுமையாக நிறைவேறியது. அதன் பிறகே இறைவன் தோன்றினான். கன்றும் மைந்தனும் உயிர் பெற்று எழுந்தார்கள் என்று பெரிய புராணம் சொல்லும். நீதியைக் குறுக்குவழியில் தாண்டி வரும் இரக்கத்தை நம் முன்னோர் மதிக்கவில்லை. நீதியின் விலை கொடுக்கப்பட்ட பிறகு வரும் அருளையே கொண்டாடினார்கள்.

கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுப்புள்ளியும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. மனிதனின் குற்றத்தைக் கடவுள் கண்டும் காணாததுபோல் விட்டுவிடவில்லை. அதன் விலையைத் தம் ஒரே மகனின் சிலுவையில் தாமே ஏற்றார் என்பதே அந்த விசுவாசம். குற்றம் குற்றமே என்று சொன்னது நீதி. அந்தப் பாரத்தை நானே சுமக்கிறேன் என்று சொன்னது இரக்கம். இரண்டும் ஒரே மரத்தில் சந்தித்தன என்கிறார்கள் கிறிஸ்தவப் பெரியோர். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆனால் இதை நம்புகிற ஒருவர் எப்படித் தொழ வேண்டியவர் ஆகிறார் என்பதே இங்கு நாம் பார்க்க வேண்டியது.

சிலுவையில் ஒரு வாக்குமூலம்

நான்கு நற்செய்தி நூல்களில் லூக்கா மட்டுமே சொல்லும் ஒரு காட்சி உண்டு. இயேசுவின் இரு பக்கத்திலும் இரண்டு குற்றவாளிகள் சிலுவையில் தொங்குகிறார்கள். ஒருவன் இயேசுவை ஏளனம் செய்கிறான். நீ மீட்பன் என்றால் உன்னையும் எங்களையும் தப்புவித்துக் காட்டு என்பது அவன் பேச்சு. மற்றவன் அவனைக் கடிந்துகொள்கிறான். தங்களுக்குக் கிடைத்தது தங்கள் செயலுக்குத் தக்க தண்டனைதான் என்றும், நடுவில் இருப்பவர் எந்தத் தவறும் செய்யாதவர் என்றும் சொல்கிறான். அதன் பிறகே அவரிடம் திரும்பி, தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்கிறான். அன்றைக்கே பேரின்ப வீட்டில் தம்மோடு இருப்பாய் என்ற வாக்கு அவனுக்குக் கிடைக்கிறது.

இந்தச் சிறு உரையாடலின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவன் தனக்கு எதிரான தீர்ப்பை உறுதி செய்கிறான். ஆளுநர் பிலாத்து அரசியலுக்கு அஞ்சித் தவறான தீர்ப்பளித்த அதே நாளில், சரியான தீர்ப்பைச் சொன்னவன் இந்தக் கள்வன்தான்! தான் குற்றவாளி, இவர் குற்றமற்றவர் என்று இரண்டையும் சரியாகப் பிரித்தான். அதற்குப் பிறகே இரக்கம் கேட்டான். கேட்டதும் மிகக் குறைவு. ஆணிகளிலிருந்து விடுதலை கேட்கவில்லை. தன்னை மறந்துவிடாதிருக்க மட்டும் கேட்டான்.

தப்புவித்துக் காட்டு என்றவனும் ஒருவகையில் இரக்கத்தைத்தான் கேட்டான். ஆனால் நீதியை ஒப்புக்கொள்ளாமல் கேட்டான். அது வேண்டுதல் ஆகவில்லை, மிரட்டலாக முடிந்தது.

கத்தோலிக்கத் திருப்பலி வழிபாட்டிலும் இதே வரிசையைக் காணலாம். முதலில் வழிபடுவோர் மார்பில் தட்டிக்கொண்டு தம் குற்றத்தைத் தாமே அறிக்கையிடுகிறார்கள். அடுத்து இரக்கம் கேட்கும் 'கீரியே எலெய்சோன்' என்னும் மன்றாட்டு. திருவழிபாடு இலத்தீனில் நடந்த நூற்றாண்டுகளிலும் இந்தச் சொற்கள் மட்டும் கிரேக்கத்திலேயே நிலைத்திருந்தன. அதன் பிறகு, தவக்காலமும் திருவருகைக் காலமும் நீங்கலான ஞாயிறுகளிலும் திருநாள்களிலும், இறைவனின் மாட்சியைப் பாடும் புகழ்ப்பாட்டு. அறிக்கை, மன்றாட்டு, புகழ்ச்சி என்ற இந்த மூன்று படிகளில் முதற்படியைத் தாண்டிக் குதித்து மூன்றாம் படிக்கு எவரும் போக முடியாது. பிள்ளைப் பருவத்திலிருந்து இந்த வழிபாட்டில் ஊறிய ஒருவர்தாம் பிற்காலத்தில் நீதிபதி நாற்காலியில் அமர்ந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோயிலில் இருவர்

இயேசு சொன்ன ஓர் உவமையையும் இங்கு நினைவுகூரலாம். ஆலயத்துக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் சமய ஒழுக்கத்தில் பெயர்பெற்ற பரிசேயர். மற்றவர் வரி வசூலிக்கும் ஆயக்காரர். அக்காலத்தில் ஆயக்காரர் என்றால் அந்நிய ரோம அரசுக்குக் கையாள், மக்களைச் சுரண்டுபவர் என்று பொருள். பரிசேயர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். எதற்காக? தாம் பிறரைப்போல் இல்லை என்பதற்காக! வாரம் இருமுறை நோன்பு, வருவாயில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை என்று பட்டியலும் படிக்கிறார். ஆயக்காரரோ தொலைவில் நின்று, கண்ணை ஏறெடுக்கவும் துணியாமல், தாம் பாவி என்று சொல்லி இரக்கம் கேட்கிறார். கடவுளுக்கு ஏற்றவராக வீடு திரும்பியவர் இவரே என்று இயேசு முடிக்கிறார்.

பரிசேயர் பொய் சொன்னதாகக் கதையில் இல்லை. நோன்பும் உண்மை, காணிக்கையும் உண்மை. அவருடைய புகழ்ச்சிதான் பழுதாகிவிட்டது. கடவுளைப் புகழ்வதுபோல் அவர் தம்மையே புகழ்ந்துகொண்டார்; அடுத்தவருக்கும் போகிற போக்கில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார். நீதி வழங்கும் பதவியில் இருப்பவருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நாள்தோறும் பிறர் குற்றங்களையே எடைபோட்டுக்கொண்டிருப்பவருக்குத் தம் எடை மறந்துபோகும்.

வேதநாயகம் பிள்ளைக்கு அது மறக்கவில்லை என்பதற்கு அவர் பாடிய பக்தி நூல்களே சான்று. 'திருவருள் மாலை', 'திருவருள் அந்தாதி', 'தேவமாதா அந்தாதி', 'தேவ தோத்திர மாலை' என்று அவை விரிகின்றன. 'திருவருள்' என்ற சொல்லைப் பாருங்கள்! சைவர்கள் நூற்றாண்டுகளாக உள்ளம் உருகிச் சொன்ன சொல் அது. கடவுளின் இரக்கத்தைக் குறிக்க அதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் கிடையாது என்று கண்டு, அதையே தம் நூல்களுக்குத் தலைப்பாக்கினார் இந்தக் கிறிஸ்தவர். தீர்ப்புகளைத் தமிழில் தந்த கை தோத்திரத்தையும் எல்லோருக்கும் விளங்கும் தமிழில் தந்தது.

1878-இல் வந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எந்தச் சமயத்தாரும் தம் கடவுளை நினைத்துப் பாடக்கூடிய வகையில் இராக தாளங்களோடு அமைந்த கீர்த்தனைகள் அவை. திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். வேதநாயகம் பிள்ளையைத் தலைவராக வைத்துக் 'குளத்துக் கோவை' பாடியவர். ஒரு சைவப் பெரும்புலவர் ஒரு கிறிஸ்தவ முன்சீப்பைப் பாடினார். அவரும் ஆதீனத் தலைவரைப் பாடினார். யாருடைய விசுவாசமும் இதனால் கரைந்துவிடவில்லை என்பது இன்றைக்கு நமக்கு ஒரு பாடம்.

பஞ்சத்தின் கேள்வி

இத்தனை பக்தியையும் உரைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்று வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்று மதிப்பிடப்படும் பெருங்கொடுமை. கடவுள் நீதியுள்ளவர், இரக்கமுள்ளவர் என்று பாடிக்கொண்டிருந்தவர்களின் வாசலில் எலும்புக்கூடுகளாக மனிதர்கள் வந்து நின்றார்கள். இது கடவுளின் நீதியா? அப்படியானால் அவருடைய இரக்கம் எங்கே?

மக்கள் செய்த பாவத்துக்குத் தெய்வம் தந்த தண்டனை என்று சொல்லிவிடுவது எளிது. ஆட்சியாளர்களுக்கும் அது வசதி. மழை பொய்த்தது இயற்கை. ஆனால் பசித்த மாகாணத்திலிருந்து தானியம் கப்பலேறியது இயற்கை அன்று. நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தாரே, அதுவும் இயற்கை அன்று. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இந்த அளவில் உழைக்கிற உடம்பு நிலைக்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். மனிதர் செய்த அநியாயத்தைக் கடவுளின் நீதி என்று பெயர் மாற்றுவது பக்தி ஆகாது. அது பொய்ச் சாட்சி.

விவிலியத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. யோபு என்ற நல்ல மனிதர் செல்வம், மக்கள், உடல்நலம் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இது என்று வாதாடுகிறார்கள். கடவுளின் நீதியைக் காப்பாற்றுகிறோம் என்பது அவர்கள் நினைப்பு. யோபுவோ கடவுளிடமே வழக்காடுகிறார். 42 அதிகாரங்கள் கொண்ட அந்த நூலின் முடிவில் கடவுள் கோபம் கொள்வது யார்மேல் தெரியுமா? வழக்காடிய யோபுமேல் அன்று. தமக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்! யோபு தம் அறியாமையை உணர்ந்து பணிகிறார். தம்மைக் குற்றம் சாட்டிய நண்பர்களுக்காக மன்றாடவும் செய்கிறார். அந்த மன்றாட்டு ஏற்கப்படுகிறது.

ஆகவே கடவுளின் நீதியைத் தாழ்மையோடு ஏற்பது என்றால் வாயை மூடிக்கொண்டு எல்லாம் விதி என்று இருப்பது அன்று. பிறர் படும் துன்பத்துக்குக் கடவுளின் பெயரால் காரணம் கற்பிப்பதும் அன்று. என் வழக்கில் அவர் நீதிபதி என்று நான் ஒப்புக்கொள்ளலாம். அடுத்தவர் வழக்கில் அவர் தீர்ப்பை நான் எழுத உரிமை இல்லை.

வேதநாயகம் பிள்ளை பஞ்சத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சி வார்த்தார். பஞ்சம் தீர வேண்டும் என்று இறைவனிடம் உரிமையோடு முறையிடும் பாடல்களும் அவருடைய கீர்த்தனைகளில் உண்டு. முறையீடும் தொழுகையே என்று அறிந்தவர் அவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். மனிதரைப் பாட விரும்பாத அந்தச் சிவபக்தர், இவர் செய்த அன்னதானத்தைக் கண்டு நெகிழ்ந்து இவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார் என்பது தமிழிசை உலகம் நன்கறிந்த செய்தி. நீதியை நாற்காலியில் இருந்து வழங்கியவர் இரக்கத்தைக் கஞ்சித் தொட்டியருகே நின்று வழங்கினார். அவர் பாடிய தோத்திரங்களுக்கு இதுவே சரியான உரை.

மூத்த மகனின் மனக்குறை

நமக்கு இரக்கம் கிடைத்தால் புகழ்ந்து பாடுவது கடினமன்று. பிறருக்கு, அதுவும் தகுதியற்றவர் என்று நாம் கருதுகிறவருக்கு இரக்கம் கிடைக்கும்போது புகழ முடிகிறதா? இதுதான் கடைசிச் சோதனை.

ஊதாரி மைந்தன் உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனுக்குத் தந்தை விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வந்த மூத்தவன் வீட்டுக்குள் வர மறுக்கிறான். இத்தனை ஆண்டு உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லையே என்பது அவன் குறை. தந்தை வெளியே வந்து அவனையும் கெஞ்சி அழைக்கிறார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே கதை நின்றுவிடுகிறது. முடிவைக் கேட்பவர்களிடம் விட்டுவிட்டார் இயேசு. யோனாவின் கதையும் அப்படியே. பகைவரின் பட்டணமாகிய நினிவே மனந்திருந்தி அழிவிலிருந்து தப்பியபோது, எச்சரிக்கை கொண்டுபோன இறைவாக்கினருக்கே கோபம் வந்தது! நம் மனக்குறைகளுக்கெல்லாம் அவர் ஒரு கண்ணாடி.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்குவதற்கில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு எட்டும் தூரத்தில், மத்தியப் பிரதேசத்தில், அண்மைக் காலத்தில் இது நடந்திருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் ஏழை ஆதிவாசி மக்களிடையே பணியாற்றி வந்தார். வட்டிக்குக் கடன் கொடுப்போரின் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்க உழைத்ததால் பகை மூண்டது. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குச் செல்லும் பேருந்தில் பயணிகள் கண்ணெதிரே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். வயது 41. குத்தியவருக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

கொல்லப்பட்டவரின் தங்கையும் ஒரு கன்னியாஸ்திரி. அவர் சிறைக்குச் சென்று, தம் அக்காளைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டித் தம் சகோதரராக ஏற்றார். அவரை விடுவிப்பதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று குடும்பத்தார் தெரிவித்தார்கள். பதினோர் ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 2006-இல் அவர் விடுதலையானார். பிறகு புல்லுவழிக்கே போய் அந்தக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். பெற்ற தாய் அவரை வரவேற்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

இங்கே நீதி தள்ளுபடி செய்யப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது, பதினோர் ஆண்டுகள் சிறையில் கழிந்தன. குற்றம் செய்தவர் தம் குற்றத்தை மறுத்துக்கொண்டிருந்தால் அந்த ராக்கிக்குப் பொருள் இருந்திருக்காது. குடும்பத்தார் பழியை விடாதிருந்தால் அவருடைய மனவருத்தத்துக்குப் போய்ச் சேர ஓரிடம் இருந்திருக்காது. இரு தரப்பாரும் தத்தம் பங்கைச் செய்தார்கள். கண்ணோடாமையும் கண்ணோட்டமும் ஒரே வழக்கில் இடம்பெற்றன. வள்ளுவர் போட்ட முடிச்சு ஒரு தாயின் வீட்டு வாசலில் அவிழ்ந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

புகழ்ச்சி எங்கே தொடங்குகிறது?

கடவுளைப் புகழ்வதால் கடவுளுக்கு ஏதும் கூடுவதில்லை என்பதை எல்லாச் சமயப் பெரியோரும் சொல்லியிருக்கிறார்கள். புகழ்கிறவனுக்குத்தான் ஏதோ நேர்கிறது. நீதிபதியின் நாற்காலியிலிருந்து அவன் எழுந்து இறங்குகிறான். இறங்கிய பிறகுதான் பக்கத்தில் நிற்பவனின் முகம் அவனுக்குத் தெரிகிறது. அவனும் தன்னைப்போல் வழக்குள்ளவன், தன்னைப்போல் இரக்கத்துக்குக் காத்திருப்பவன் என்பதும் தெரிகிறது. அந்த இடத்திலிருந்து எழும் தோத்திரத்தில் பரிசேயரின் பட்டியலுக்கு இடமில்லை.

நம்மில் நீதிமன்றத்தில் அமர்ந்தவர்கள் சிலரே. ஆனால் தீர்ப்புச் சொல்லாதவர் எவர்? மருமகள்மேல், மேலதிகாரிமேல், அடுத்த மொழிக்காரன்மேல், அடுத்த சமயத்தான்மேல் நாள்தோறும் எத்தனை தீர்ப்புகள்! சாட்சி விசாரணைகூட இல்லாமல் எழுதப்படும் தீர்ப்புகள்! அவற்றில் ஒன்றையாவது நிறுத்திவைத்து, அந்த வழக்கில் நம் பங்கு என்ன என்று பார்க்க முடிந்தால் அதுவே தாழ்மையின் முதற்படி.

1889 ஜூலை 21 அன்று வேதநாயகம் பிள்ளை மறைந்தார். அவர் தீர்த்துவைத்த வழக்குகளின் வயல்களும் வரப்புகளும் பலமுறை கைமாறியிருக்கும். யாருக்கு எது சொந்தம் என்று அவர் எழுதிய தீர்ப்பை இன்று தேடுவார் இல்லை. அவர் பாடிய கீர்த்தனைகளோ தேவாலயத்திலும் கச்சேரி மேடையிலும் இன்றும் ஒலிக்கின்றன. பாடுகிறவர் எந்தச் சமயத்தவர் என்று அவை கேட்பதில்லை.